தோல் பூட்ஸும் டெனிமும்: மலைநாட்டுல அடிக்கடி கேக்குற கேள்விகள்

இலங்கை மலைநாட்டுல ஹட்டன்ல ஒரு சப்பாத்து கடையில ரெண்டு வருசம் நின்னேன், அதுக்கு அப்புறம் தேயிலை தோட்டத்துல வெளிக்கள வேலை, ஒரு நாளைக்கு எப்படியும் ஏழெட்டு கிலோமீட்டர் மலை ஏறி இறங்கணும். கடையில நின்னப்ப கேட்ட அதே கேள்விய இப்ப பஸ்லயும், காலையில வேலை பிரிக்கிற பெரட்டு களத்துலயும் கல்யாண வீட்டுலயும் கேக்குறாங்க, அதனால ஒரே இடத்துல எழுதி வச்சிட்டேன். கேட்டவங்க எப்படி கேட்டாங்களோ அப்படியே போட்டிருக்கேன். மேல இருந்து கீழ படிச்சீங்கன்னா நல்லது, ஏன்னா ஒரு தடவ சொன்னத திரும்ப சொல்லல.

அண்ணே, வேலை பூட்ஸ் வேலை பூட்ஸ்ங்கிறீங்களே, சாதா சப்பாத்துக்கும் அதுக்கும் அப்படி என்னா வித்தியாசம்?

மூணு விசயம் தான். கணுக்கால மூடுற உசரம், தடிச்ச தோல், கனமான ரப்பர் அடி. ஆபீஸ் சப்பாத்து தோல் 1 மில்லிமீட்டருக்கு கொஞ்சம் கூட இருக்கும், நல்ல வேலை பூட்ஸ்ல 2 மில்லிமீட்டர் பக்கம் இருக்கும். கவ்வாத்து வெட்டின, அதாவது தேயிலை செடிய கட்டையா வெட்டி விட்ட மலையில நடந்தவங்களுக்கு அந்த வித்தியாசத்தோட அருமை தெரியும், குச்சி ஈட்டி மாதிரி நிக்கும், மெல்லிசு தோல்னா ஒரே குத்துல ஓட்ட.

மழைக்கு முழு ரப்பர் கம்பூட்ஸ் இருக்கே, அது போதாதா? எதுக்கு தோலுக்கு காச கொட்டணும்?

வடிகால் கான் வெட்டுறீங்க, மாட்டுப்பட்டி கழுவுறீங்க, பீலி பக்கம் தண்ணிக்குள்ளயே நிக்கிறீங்கன்னா கம்பூட்ஸ் தான், அதுல சந்தேகமே வேணாம், எந்த தோல் பூட்ஸும் தண்ணிக்குள்ள மணிக்கணக்கா நிக்க முடியாது. ஆனா நடக்கணும்னா கம்பூட்ஸ் சரிவராது. கணுக்காலுக்கு பிடிப்பு கிடையாது, இறக்கத்துல கால் உள்ளுக்குள்ளயே முன்னால போகும், வேர்வை வெளிய போக வழி இல்லாம பின்னேரம் கழட்டுறப்ப பாதம் ஊறிப்போய் வெள்ளையா சுருங்கி இருக்கும்.

நீங்க எந்த பக்கம்ங்கிறதும் முக்கியம். மஸ்கெலியா, நோர்வுட், வட்டவளை பக்கம்னா மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேல் மழை விடாது, அங்க உள்ளவங்க ரெண்டும் வச்சிருக்கிறது தான் புத்தி. பண்டாரவளை, ஹப்புத்தளை பக்கம் அதே மாசங்கள்ல பெரும்பாலும் காஞ்சு கிடக்கும், அவங்களுக்கு மழை வருச கடைசியில, அதனால ஒரு ஜோடி தோல் பூட்ஸ வச்சே முக்கால்வாசி வருசம் ஓட்டிரலாம்.

ஒரிஜினல் தோல்னு சத்தியம் பண்ணுறாரு கடைக்காரர். எப்படி நம்புறது?

சத்தியத்த விட்டுட்டு வெட்டின ஓரத்த பாருங்க. லேஸுக்கு அடியில இருக்கிற பூட்ஸோட நாக்க வெளிய இழுத்தா அதோட ஓரம் தெரியும். அங்க நார் நாரா, மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே பொருளா இருந்தா தோல். மேல பிளாஸ்டிக் மாதிரி ஒரு படலம், அடியில துணி தெரிஞ்சா ரெக்சின். பெருவிரலால முன்பக்கத்த அமுக்குங்க, தோல்னா விரல சுத்தி மெல்லிசா சுருக்கம் ஓடும், ரெக்சின் மொத்தமா உள்ள போயி மொத்தமா வெளிய வரும். வாசனைய மட்டும் நம்பாதீங்க, அத பூசி வைக்கலாம்.

தோல்லயும் ரகம் இருக்கு. ஃபுல் கிரெய்ன்னு சொல்லுறது மாட்டுத் தோலோட மேல்பரப்ப சீவாம அப்படியே விட்டது, துவாரம் ஒழுங்கில்லாம இருக்கும், சின்ன சின்ன தழும்பு கூட இருக்கும், அதுதான் வருசக்கணக்கா உழைக்கும். நுபக்னா அதே மேல்பரப்ப லேசா தேச்சது. ஸ்வேட் உள்பக்க தோல், பாக்க அழகு, ஆனா நம்ம செம்மண் சேத்துல ஒரு வாரம் போட்டா அப்புறம் அது என்ன கலர்ல வாங்கினதுன்னே தெரியாது. போண்டட் லெதர்னு போட்டிருந்தா தூள் தோல பசை போட்டு ஒட்டினது, உரியும், எடுக்காதீங்க.

எனக்கு எப்பவும் 8 தான். ஆனா இறக்கத்துல விரல் போயி இடிக்குது, ஏன்?

இது தான் கடையில நான் அதிகமா கேட்ட கேள்வி, பொறுமையா சொல்லுறேன். கடையோட தரை மட்டமா இருக்கு, நம்ம ஊரு மட்டமா இல்ல. மட்டத்துல சரியா இருக்கிற பூட்ஸ் இறக்கத்துல அர இஞ்சி சின்னதாயிரும். சிவனொளிபாதமலை சீசனுக்கு போயிட்டு வந்து பெருவிரல் நகம் கறுத்து போனவங்கள எத்தன பேர பாத்திருக்கேன், அங்க உச்சி 2243 மீட்டர், ஏறுறப்ப மூச்சு தான் வாங்கும், நகம் போறது எல்லாம் இறங்குறப்ப தான்.

பின்னேரமா கடைக்கு போங்க, நாள் பூரா நடந்த கால் கொஞ்சம் வீங்கி இருக்கும், அந்த அளவு தான் உண்மையான அளவு. வேலைக்கு போடுற அதே தடிச்ச சொக்ஸ கையில கொண்டு போங்க. பூட்ஸுக்குள்ள இருக்கிற அட்டைய உருவி தரையில போட்டு அது மேல எந்திரிச்சு நில்லுங்க, விரலுக்கு முன்னால ஒரு சென்டிமீட்டருக்கு மேல மிச்சம் இருக்கணும், பக்கத்துல சதை அட்டைய விட்டு வெளிய வழியக்கூடாது. அப்புறம் லேஸ கட்டாம கால முன்னால தள்ளுங்க, குதிகாலுக்கு பின்னால ஒரு விரல் நுழையணும். கடைக்கு வெளிய படிக்கட்டு இருந்தா கேட்டுட்டு இறங்கி பாருங்க, நல்ல கடைக்காரர் வேணாம்னு சொல்ல மாட்டாரு.

நம்பர்ல குழம்பாதீங்க. யூகே 8ங்கிறது அமெரிக்க ஆம்பள அளவுல 9, ஐரோப்பிய அளவுல 42 பக்கம். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மாதிரி தைக்கும், அதனால நம்பர் ஆரம்பம் மட்டும் தான்.

சைஸ் சரியா இருந்தும் இடிச்சா லேஸ பாருங்க. கணுக்கால் மடியிற இடத்துல லேஸ ஒண்ணுக்கு ரெண்டு சுத்து சுத்தி இறுக்கிட்டு அதுக்கு மேல சாதாரணமா கட்டுங்க, குதிகால் பின்னாலயே பூட்டுன மாதிரி உக்காந்துரும். ஏத்தத்துக்கு கொஞ்சம் தளர்த்தி, இறக்கத்துக்கு முன்ன உக்காந்து இறுக்குங்க, ரெண்டு நிமிச வேலை.

அடி தைச்சதா ஒட்டுனதான்னு எப்படி பாக்குறது? தைச்ச மாதிரியே இருக்கு, ஆனா பிஞ்சிருச்சு.

ஏன்னா சில பூட்ஸ்ல ஓரத்துல தையல் மாதிரி அச்சு குத்தி வச்சிருப்பாங்க, வெறும் அலங்காரம். நகத்தால அந்த நூல நெம்பி பாருங்க, உண்மையான நூல்னா அசையும், அச்சுன்னா ரப்பரோட ஒண்ணா இருக்கும். வெல்ட்னு சொல்லுற தோல் பட்டி ஒண்ணு பூட்ஸ சுத்தி ஓடி, மேல்தோலும் அடியும் ரெண்டுமே அந்த பட்டியில தனித்தனி தையலா பிடிச்சிருந்தா அதுதான் குட்இயர் வெல்ட். அடி தேஞ்சா அந்த அடிய மட்டும் பிரிச்சு மாத்தலாம், மேல்தோலுக்கு ஒண்ணும் ஆகாது.

இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச ஒரு விசயம் இருக்கு. ரப்பர கந்தகத்தோட சூடாக்கி உறுதியாக்குற வழிய 1839ல கண்டுபிடிச்சவர் சார்லஸ் குட்இயர், இந்த வெல்ட் தையல் மெசின் அவரோட மகன் பேருல வந்தது. அப்பா ரப்பர், மகன் தையல், ரெண்டும் சேந்தது தான் நம்ம கால்ல கிடக்கு. அந்த ரப்பர் மரம் நம்ம நாட்டுக்கு வந்தது 1876ல, கம்பஹா பக்கத்துல ஹெனரத்கொட தோட்டத்துல தான் முதல்ல நட்டாங்க.

ஒட்டுன அடி எல்லாமே மோசம்னு சொல்ல வரல. லேசா இருக்கும், விலை குறைவு, ஆனா நம்ம ஈரத்துக்கு பசை சீக்கிரம் விடும். ஒட்டுனத வாங்கினீங்கன்னா முதல் வாரமே சப்பாத்து தைக்கிற அண்ணன்கிட்ட குடுத்து சுத்தி ஒரு தையல் போட்டுருங்க, பிஞ்ச பிறகு போடுறத விட அது எவ்வளவோ நிக்கும்.

பாசி புடிச்ச கல்லுல வழுக்காத அடி எது?

வழுக்கவே வழுக்காதுன்னு ஒரு அடி கிடையாது, பாசி கல்லுன்னா சுத்தி போங்க, அவ்வளவு தான். மண்ணுல, புல்லுல, சேத்துல பிடிக்கணும்னா ஆழமான பல்லு உள்ள ரப்பர் அடி வேணும், பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல இடைவெளி அகலமா இருந்தா தான் சேறு அப்பிக்காம உதிரும். இந்த மாதிரி அடிய கொண்டு வந்தவர் இத்தாலிக்காரர் விட்டாலே பிரமானி. 1935ல அவரோட கூட்டாளிங்க ஆறு பேர் ஆல்ப்ஸ் மலையில செத்து போனாங்க, கால்ல சரியான சப்பாத்து இல்லாததும் ஒரு காரணம், அந்த துக்கத்துல இருந்து தான் 1937ல விப்ரம் அடி பிறந்தது. ஈரமான பாறையிலயும் டைல்ஸ்லயும் கடினமான ரப்பர விட கொஞ்சம் மெதுவான ரப்பர் பிடிக்கும், நகத்தால அமுக்குனா லேசா குழி விழுந்து திரும்பணும்.

படத்துல அழகா இருக்குன்னு வெள்ளையா தட்டையா அடி உள்ள பூட்ஸ் வாங்குறாங்க. அது கட்டட வேலைக்கு, மட்டமான கொங்ரீட் தரையில நாள் பூரா நிக்கிறவங்களுக்கு செஞ்சது. நம்ம ஒத்தையடி பாதையில மழை நேரத்துல அது சறுக்கு பலகை.

முன்பக்கம் விரலுக்கு மேல இரும்பு வச்ச ஸ்டீல் டோ வேணுமா?

பாக்டரியில, வேர்க்சொப்ல, மரம் தூக்குற இடத்துல வேணும். மத்தவங்களுக்கு வேணாம், பாரம் கூட, காலையில நுவரெலியா குளிர்ல இரும்பு ஐஸ் மாதிரி இருக்கும், இறக்கத்துல விரல் அதுல தான் மோதும். வேணும்னா நாக்குல பாதுகாப்பு சப்பாத்துக்கான தரக்குறி ஐஎஸ்ஓ 20345னு அடிச்சிருக்கான்னு பாத்து எடுங்க, முன்பக்கம் 200 ஜூல் அளவு மோதல தாங்கும்னு அர்த்தம். எஸ் 3னு இருந்தா ஆணி குத்தாத தகடும், தண்ணி சீக்கிரம் ஊறாத மேல்தோலும், பல்லு வச்ச அடியும் சேத்து இருக்கும்.

தம்பி, எங்களுக்கு ஏத்த பூட்ஸே இல்லியா? எல்லாம் ஆம்பள சைஸாவே தொங்குது.

இந்த கேள்விய தேயிலை கொழுந்து எடுக்கிற ஒரு அக்கா தான் கேட்டாங்க, கால்ல ரப்பர் செருப்பு, பெருவிரலுக்கு பக்கத்துல அட்டைப்பூச்சி கடிச்ச தழும்பு. இந்த மலையில நம்ம எல்லாரையும் விட அதிகமா நடக்கிறது அவங்க தான், அவங்க சைஸ கடையில தொங்க விடாதது எனக்கு இன்னைக்கும் மனசுக்கு கஷ்டம்.

யூகே நம்பர்ல ஆம்பள 5ம் பொம்பள 5ம் நீளத்துல ஏறக்குறைய ஒண்ணு தான், அதனால ஆம்பள பூட்ஸ்ல சின்ன நம்பர் இருக்கான்னு கேளுங்க, பசங்க பக்கமும் பாருங்க. பொதுவா பொம்பளைங்க குதிகால் ஒடுக்கமா இருக்கும், பூட்ஸ் பின்னால கழண்டு கழண்டு வரும், மேல சொன்ன ரெண்டு சுத்து லேஸ் கட்டு இதுக்கும் உதவும். கூட கொழுந்து பாரம் இருக்கிறதால லேசான பூட்ஸா எடுங்க, ஸ்டீல் டோ வேணவே வேணாம். லேஸ் நுனிய பூட்ஸுக்குள்ள சொருகிருங்க, தேயிலை வாதுல மாட்டும்.

புது பூட்ஸ் குதிகால கடிச்சி குதறிருச்சு. தூக்கி போட்டுறவா?

போடாதீங்க. தடிச்ச தோல் உங்க கால் வடிவத்துக்கு வர ரெண்டு மூணு வாரம் எடுக்கும். முதல்ல வீட்டுக்குள்ள ஒரு மணித்தியாலம், அப்புறம் டவுனுக்கு போயிட்டு வர, அப்புறம் தான் மலைக்கு. புது பூட்ஸோட நேரா முழு நாள் வேலைக்கு போறது தான் தப்பு. குதிகால் லேசா தூக்குறது பரவாயில்ல, அடி வளைய ஆரம்பிச்சதும் நிக்கும். ஆனா விரல் இடிச்சா, பாதம் பக்கத்துல நெருக்குனா அது பழகாது, அது சைஸ் பிழை, போடாம திருப்பி குடுங்க.

நனைஞ்சிட்டா அடுப்புக்கு மேல தொங்க விடலாமா? எங்க அம்மா அப்படி தான் செய்வாங்க.

எங்க அம்மாவும் அப்படி தான் செஞ்சாங்க. எங்க அப்பா தோட்டத்துல வாட்சரா இருந்தாரு, ஒரு நல்ல பூட்ஸ் இருந்துச்சு அவருகிட்ட, ஒரு நாள் ராத்திரி மழையில ஊறிப்போய் வந்தாரு, அம்மா பாசத்துல லயத்து அடுப்புக்கு மேல கொடியில தொங்க விட்டாங்க. காலையில எடுத்தா மூக்கு மேல பாத்து வளைஞ்சி நிக்குது, பலகை மாதிரி. அப்பா கால விட்டு ஒரு எட்டு வச்சாரு, விரல் மடியிற இடத்துல குறுக்கால டப்புன்னு வெடிச்சிருச்சு. சைக்கிள் டியூப வெட்டி சுத்தி கட்டிக்கிட்டு அந்த வருசம் பூரா அதையே போட்டாரு.

ஈரத் தோல்ல சூடு பட்டா நார் சுருங்கும், உள்ள இருக்கிற எண்ணெய் பசை போயிரும், ஒட்டுன பசையும் இளகும். அதனால முதல்ல சேத்த ஈரத்துணியால துடைங்க. லேஸையும் உள் அட்டையையும் கழட்டுங்க. பழைய பேப்பர கசக்கி உள்ள அடைங்க, ஒரு மணித்தியாலத்துல அது ஊறியிருக்கும், மாத்துங்க, படுக்கறதுக்கு முன்ன இன்னொரு தடவ மாத்துங்க. பக்கவாட்டுல சாய்ச்சி காத்து ஓடுற இடத்துல வைங்க, அடியும் காயணும்ல. நேரடி வெயிலும் வேணாம். மழைக்காலத்துல ரெண்டு நாள் எடுக்கும், அதுக்குத் தான் இன்னொரு ஜோடி, இல்லன்னா அந்த கம்பூட்ஸ்.

தேங்கா எண்ணெய் பூசுனா பளபளன்னு இருக்கே, நல்லது தானே?

அன்னைக்கு பளபளன்னு தான் இருக்கும். காலையில உங்க வீட்டு தேங்கா எண்ணெய் போத்தல பாருங்க, உறைஞ்சி வெள்ளையா நிக்கும், அது 24 பாகைக்கு கீழ போனா கட்டியாகுற எண்ணெய். தோலுக்குள்ள போன எண்ணெயும் அதே மாதிரி உறையும், தையல் ஓரத்துல வெள்ளை படிஞ்சிரும். அதோட தோல் ரொம்ப கறுத்து, தொளதொளன்னு ஆகி கணுக்கால் பிடிப்ப இழக்கும்.

தேன்மெழுகு கலந்த பூட்ஸ் மெழுகு இல்லன்னா நல்ல லெதர் கிரீம், மழைக்காலத்துல மாசம் ஒரு தடவ, மத்த நேரத்துல ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ, காஞ்ச பூட்ஸ்ல கொஞ்சமா. தையல் மேலயும் நாக்கு மடிப்புலயும் விரலால தேயுங்க, தண்ணி உள்ள வர்ற வழி அதுதான். ஸ்வேட்டுக்கும் நுபக்குக்கும் மெழுகு போட்டா அந்த பூ மாதிரி மேல்பரப்பு படுத்துரும், அதுக்கு தண்ணி ஒட்டாம காக்குற ஸ்ப்ரே தான்.

அலுமாரியில வச்ச பூட்ஸ்ல பூஞ்சணம். கழுவுனா போகுமா?

வினாகிரியும் தண்ணியும் சரிபாதி கலந்து துணியில நனைச்சு வீட்டுக்கு வெளிய வச்சு துடைங்க, காய வைங்க, அப்புறம் கொஞ்சம் மெழுகு. திரும்ப வராம இருக்கணும்னா மூடுன அலுமாரியிலயும் பொலித்தீன் பையிலயும் வைக்காதீங்க.

பாரின்ல இருந்து மாமா கொண்டு வந்த பூட்ஸ், பத்திரமா பெட்டியிலயே வச்சிருந்தேன், நாலு வருசம் கழிச்சு போட்டா அடி கேக் மாதிரி உதிருது. போலியா?

போலி இல்ல. அது பாலியூரித்தேன் அடி. லேசா மெத்துன்னு இருக்கும், ஆனா காத்துல இருக்கிற ஈரம் அத உள்ளுக்குள்ளயே பிரிக்கும், போடாம வச்சிருந்தாலும் நடக்கும், நம்ம மாதிரி ஈரமான ஊர்ல இன்னும் சீக்கிரமா நடக்கும். தினமும் போட்டு நடந்தா அந்த ஈரம் கொஞ்சம் வெளிய போகும், அதனால பெட்டியில பூட்டி வச்சது தான் முதல்ல உதிரும். மேல்தோல் நல்லா இருந்தா முழு ரப்பர் அடி போட முடியுமான்னு கேளுங்க. இனி இந்த மாதிரி அடி உள்ளத வாங்குனா அன்னைக்கே போட ஆரம்பிங்க, மகன் வளந்ததும் குடுக்கலாம்னு வைக்காதீங்க. தள்ளுபடியில பழைய ஸ்டொக் வாங்குறவங்களும் அடிய வளைச்சி பாத்து எடுங்க.

சரி அண்ணே, டெனிமுக்கு வாங்க. இந்த பூட்ஸுக்கு எந்த டெனிம் எடுக்கும்?

டெனிமும் வேலைக்காரங்க துணி தான். ஜேக்கப் டேவிஸ்னு ஒரு டெய்லர், காற்சட்டை பொக்கட் கிழியாம இருக்க செம்பு ஆணி அடிச்சாரு, துணி வியாபாரி லீவை ஸ்ட்ராஸோட சேந்து 1873 மே 20ல அதுக்கு பேட்டன்ட் எடுத்தாங்க. உழைக்கிறவன் கால்ல பூட்ஸ், மேல டெனிம்னு அப்ப இருந்தே ஒண்ணா வந்தது, அதனால தான் ரெண்டும் பொருந்துது.

நேர் கால், அதாவது ஸ்ட்ரெய்ட் தான் என் முதல் தெரிவு. கனமான பூட்ஸுக்கு மேல ஒட்டுன ஸ்கின்னி போட்டா கீழ மட்டும் பெருசா தெரியும், கோழிக்கால்ல சப்பாத்து மாட்டுன மாதிரி. ஸ்லிம் பரவாயில்ல, கீழ் வாய் பூட்ஸோட கழுத்து மேல தடையில்லாம இறங்குதான்னு மட்டும் பாருங்க. ரொம்ப அகலமா இருந்தா பூட்ஸே மறைஞ்சிரும், சேத்தையும் கூட்டும்.

துணி பாரம், ஒரு சதுர கெஜத்துக்கு, 11, 12 அவுன்ஸ் போதும். 14 அவுன்ஸ் உறுதி தான், ஆனா நம்ம பனியில கொடியில மூணு நாள் ஈரமா தொங்கும். படி ஏறி குனிஞ்சி வேலை செய்யுறவங்க ஒண்ணு ரெண்டு வீதம் இழுபடுற நூல் கலந்தது எடுங்க, முழங்கால் பிடிக்காது.

நீளம் எவ்வளவு? மடிக்கிறதா, வெட்டுறதா?

பூட்ஸ போட்டுக்கிட்டு டெய்லர்கிட்ட போங்க, செருப்போட போயி அளவு குடுத்தா பிழையாயிரும். முன்னால லேஸ் மேல ஒரே ஒரு மடிப்பு விழுந்து, பின்னால குதி தொடங்குற இடத்துக்கு மேல நிக்கணும். தரையில படவே கூடாது, பட்டா ஈரம் முழங்கால் வரைக்கும் ஏறும். வெட்டுறதுக்கு முன்ன ரெண்டு தடவ கழுவிருங்க, புது டெனிம் சுருங்கும்.

மடிக்கிறதா இருந்தா ஒரு இஞ்சி, ஒண்ணர இஞ்சி, ஒரு மடிப்பு இல்லன்னா ரெண்டு. டவுனுக்கு போறப்ப அழகு. மலையில மடிக்காதீங்க, அந்த மடிப்புக்குள்ள மண்ணு, கொழுந்து இலை, அட்டை எல்லாம் குடித்தனம் வரும்.

பூட்ஸுக்குள்ள டெனிம சொருகுனா அட்டை ஏறாதுன்னு சொல்லுறாங்க, உண்மையா?

டெனிம சொருகுனா மட்டும் நிக்காது, பூட்ஸ் வாய்க்கும் துணிக்கும் நடுவுல வழி இருக்கு. நீளமான நெருக்கமா பின்னுன சொக்ஸ டெனிமுக்கு மேல முழங்காலுக்கு கீழ வரைக்கும் இழுத்து விடுங்க, அதுக்கு மேல பூட்ஸ். சவுக்காரத்த சொக்ஸ்ல காயவே தேச்சி விட்டா அட்டை ஒதுங்கும், மழையில கழுவிட்டா திரும்ப தேக்கணும். உப்பு போட்டாலும் ஓடும், ஆனா பூட்ஸ் மேல உப்பு தண்ணி காஞ்சா தோல் வறண்டு வெள்ளை கோடு விழும், அன்னைக்கே துடைச்சிருங்க. டவுன்ல சொருகாதீங்க, வேலைக்கு மட்டும்.

நீல டெனிமுக்கு கருப்பு பூட்ஸா பிரவுனா? என் தேன் கலர் பூட்ஸ் மேல பக்கம் நீலமாயிருச்சு, ஏன்?

ஒண்ணு தான் வாங்க முடியும்னா பிரவுன். நீலத்தோட சேரும், செம்மண் தெரியாது, கீறல் விழுந்தாலும் அழகா தான் இருக்கும். கருப்பு பூட்ஸுக்கு கருப்பு, சாம்பல், கடும் நீல டெனிம் எடுக்கும். ஆபீஸ்ல நேர்முகத்தேர்வுன்னா கருப்பு, துடைச்சி மெழுகு போட்டு, கடும் நீல டெனிம் கூட சில இடத்துல ஏத்துக்குவாங்க, ஆனா கேட்டுட்டு போங்க.

நீலம் ஏறுனது இண்டிகோ சாயம். அது நூலோட மேலயே தான் உக்காந்திருக்கும், நனைஞ்சி உரசுனா கழண்டு வரும். புது கடும் நீல டெனிம ரெண்டு மூணு தடவ தனியா கழுவுற வரைக்கும் வெளிர் பூட்ஸோட போடாதீங்க. வழுவழுப்பான தோல்னா லெதர் சவுக்காரத்தால ஓரளவு போகும், ஸ்வேட்ல ஏறுனா அது அங்கயே தான் இருக்கும்.

அடி தேஞ்சிருச்சு. மாத்துறதா, புதுசு வாங்குறதா?

விரல் மடியிற இடத்த பாருங்க. எங்க அப்பா பூட்ஸ் மாதிரி குறுக்கால வெடிச்சிருந்தா அடி மாத்தி பிரயோசனம் இல்ல. மேல்தோல் மிருதுவா, சுருக்கம் மட்டும் விழுந்து, வெல்ட் பட்டி அறுபடாம இருந்தா கண்டிப்பா மாத்துங்க, உங்க காலுக்கு பழகுன தோல் புதுசுல கிடைக்காது. ரப்பர் பல்லு முழுசா தேய்ஞ்சி உள்ள இருக்கிற அடுத்த அடுக்கு தெரியுறதுக்கு முன்னாடியே கொண்டு போகணும், அந்த அடுக்கையும் தேச்சிட்டா வேலையும் கூட, காசும் கூட.

ஒட்டுன பூட்ஸ்னா அடி மாத்துற கூலியையும் புதுசோட விலையையும் பக்கத்துல வச்சி பாருங்க, பாதிக்கு மேல போனா புதுசே வாங்கலாம். குடுக்கிறப்ப எந்த ரப்பர் போடுறாருன்னு கேட்டு, பல்லு ஆழத்த கையில பிடிச்சி பாத்துட்டு சம்மதிங்க. சேத்த கழுவி ரெண்டு நாள் நல்லா காய வச்சி கொண்டு போங்க, ஈரத் தோல்ல பசை நிக்காது, தையலும் காஞ்ச பிறகு தளர்ந்துரும்.